மேல்வீட்டில் தங்க வருகிறவர்களுக்கு: எங்கள் யாழ்ப்பாணத்து விடுமுறை வீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கும் இடையில் ஓர் ஒழுங்கைக்குள் (சிறு தெருவுக்குள்) எங்கள் வீடு. கீழே நானும் இவரும். மேலே இரண்டு அறை, ஒரு சின்ன விறாந்தை, குசினி, ஒரு குளியலறை. கனடாவில் இருக்கும் மகன் குடும்பத்தோடு வந்தால் தங்குவதற்கென்று கட்டியது. அவன் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மூன்று கிழமை (வாரம்) வருவான். மற்ற நாட்களில் பூட்டி வைத்தால் கறையான்தான் குடியிருக்கும் என்று, விடுமுறைக்கு வருகிற குடும்பங்களுக்குக் கொடுக்கத் தொடங்கினோம். லண்டன், பாரிஸ், ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. சென்னையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு மத்தியானம் இங்கே இறங்குகிறவர்களும் உண்டு.

யார் வந்தாலும் முதல் நாள் கேட்பவை ஏறத்தாழ ஒன்றுதான். படிக்கட்டில் நின்று பதில் சொல்லிச் சொல்லி முழங்கால் நோகிறது, அதனால் எழுதிவிட்டேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் தண்ணீருக்கு ஒரு நேரம், மீனுக்கு ஒரு நேரம், கோயிலுக்கு ஒரு நேரம் என்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டாம் நாளே சொந்த வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறார்கள். பிடிக்காதவர்கள் வெளிக்கிடும் நாள்வரை அவதிதான்.

படத்தில் பார்த்ததைவிட வீடு சின்னதாக இருக்கிறதே?

ஓம், சின்னதுதான். படம் எடுத்த பெடியன் அறை மூலையில் சுவரோடு ஒட்டி நின்று எடுத்தான். இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் வசதியாக இருக்கலாம். ஐந்தாவது ஆள் என்றால் விறாந்தையில் பாய் போட வேண்டும். பாய் நல்ல பாய்.

ஆனால் இடத்தை உண்மையில் அடைப்பது ஆட்கள் இல்லை, சூட்கேஸ்கள். நாலு பேர் வந்தால் எட்டுப் பெட்டி வருகிறது. எட்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துவிட்டு, அதற்கு மேலால் தாண்டித் தாண்டி நடக்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: வந்து ஒரு தேத்தண்ணி குடித்த கையோடு, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து உடுப்பை அலுமாரியில் அடுக்குங்கள். சொந்தக்காரருக்கு என்று கொண்டுவந்த சொக்கிலேற், சவர்க்காரம், சென்ற் போத்தல் எல்லாம் ஒரு பெட்டியில். வெறும் பெட்டிகளை இவர் கீழே கொண்டுபோய் வைப்பார். அதற்குப் பிறகு பாருங்கள், வீடு எவ்வளவு பெரிது என்று.

அப்புறம், மொட்டைமாடியை மறக்க வேண்டாம். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு அதுதான் இந்த வீட்டின் பெரிய அறை. மாமரத்துக் கொப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதற்கு முன்னால் போனால் கால் சுடும்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லாவற்றுக்கும் அடி தண்ணீர்தான்.

யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது. அதைத்தான் கிணற்றால் எடுத்துப் பாவிக்கிறோம். கல்லுக்குள் நின்ற தண்ணீர் என்பதால் சுண்ணாம்பு கூட. சவர்க்காரம் லேசில் நுரைக்காது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும். தலை முழுகினால் மயிர் தும்பு மாதிரி நிற்கும். இது ஊத்தை இல்லை, ஊரின் குணம். லண்டனிலிருந்து வந்த ஒரு தங்கச்சி மூன்று நாளாக எங்கள் தாங்கியைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தாள்.

குடிக்கவும் சமைக்கவும் குசினியில் பெரிய போத்தலில் நல்லதண்ணி இருக்கும். தீர்ந்துவிட்டால் சொல்லுங்கள், மாற்றித் தருவோம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கூடப் பாவிக்கக் கூடாது. தோட்டங்களுக்குப் போடும் பசளையிலிருந்து நைத்திரேற்று நிலத்தடி நீரில் இறங்குகிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும். 2024இல் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இன்னும் இணைப்பு எடுக்கவில்லை.

தண்ணீர் நின்றுவிட்டது! என்ன செய்வது?

மேலே இருப்பது 500 லீற்றர் தாங்கி. காலை ஆறு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் மோட்டர் போட்டு நிரப்புவோம். நாலு பேருக்கு அது தாராளம். ஆனால் நாலு பேரும் எட்டு மணிக்குள் குளித்து, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தையும் போட்டால் ஒன்பதுக்குக் காற்றுத்தான் வரும்.

இப்படி ஒருமுறை நடந்தது. ஆறு பேர் கொண்ட குடும்பம். கடைசியாகக் குளிக்கப் போன மாமா முகம் முழுக்கச் சவர்க்காரத்தோடு கத்துகிறார். இங்கே கீழே இவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றில் அள்ளி இரண்டு வாளி மேலே கொண்டுபோய்க் கதவிடுக்கால் கொடுத்தோம். அன்றிலிருந்து குளியலறையில் நிரப்பிய வாளி ஒன்று எப்போதும் இருக்கும். அதைத் தொடாதீர்கள், தொட்டால் நிரப்பி வையுங்கள்.

'மோட்டரை இன்னொரு தரம் போட்டால் என்ன?' என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் விருப்பமில்லை. இங்கே நிலத்துக்குக் கீழே நல்லதண்ணி உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. மேலே உள்ளதை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலெழும்பும். ஒருமுறை உவர்த்த கிணறு திரும்பக் கனகாலம் எடுக்கும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போவீர்கள்தானே, அங்கேயும் இதே கதைதான்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு.

பிள்ளைகள் கிணற்றில் குளிக்க ஆசைப்படுகிறார்கள். முடியுமா?

முடியும். பின்வளவில் கட்டுக் கிணறு, கப்பியும் கயிறும் இருக்கிறது. ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பாரிஸில் பிறந்த ஒரு சின்னவன் முதல் நாள் வாளியை இறக்கினான். அது தண்ணீரில் குப்புற விழாமல் மிதந்துகொண்டே நின்றது. கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால்தான் வாளி சரியும் என்று இவர் காட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவனைக் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டு எடுக்க முடியவில்லை. கீரிமலைக் கேணிக்குப் போய் வந்தும், 'எங்கட கிணறுதான் நல்லம்' என்றான்.

எங்கள் பிளக் பொருந்துமா?

மின்சாரம் 230 வோல்ற். சுவரில் இருப்பவை சதுரக் கால் மூன்று கொண்டவை. லண்டன்காரருக்கு அப்படியே பொருந்தும். சென்னைக்காரரின் உருண்டைக் கால் பிளக்குக்கு விறாந்தையில் ஒரே ஒரு பழைய செருகி இருக்கிறது. பிளக் மாற்றி (அடப்டர்) இரண்டை அலுமாரியின் முதல் லாச்சிக்குள் (இழுப்பறைக்குள்) வைத்திருக்கிறேன்.

கனடாவிலிருந்து வருகிறவர்கள் தலை காயவைக்கும் இயந்திரத்தை இங்கே குத்த வேண்டாம். அங்கே 120 வோல்ற். போன வருசம் ஒன்று புகைந்து, மணம் இரண்டு நாள் போகவில்லை. போன் சார்ஜருக்குப் பயமில்லை, அதன் அடியில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும்.

ஏசி பெரிய அறையில் மட்டும். ஏசி, கேத்தில், அயன் பெட்டி மூன்றையும் ஒன்றாகப் போட்டால் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பிரேக்கர் விழும். நீங்களே தூக்கிவிடலாம், இரவு பதினொரு மணிக்கு எங்களை எழுப்ப வேண்டியதில்லை.

எந்த மாதம் வந்தால் நல்லது?

சித்திரை வெயில் கொல்லும். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோழகக் காற்று அடிக்கும். தெற்குப் பக்க யன்னலைத் திறந்தால் ஏசி தேவையில்லை, ஆனால் மேசையில் புழுதியால் பெயர் எழுதலாம். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை மாரி. ஒழுங்கையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் நாட்களும் உண்டு. தைப் பிறப்பை ஒட்டிய நாட்கள்தான் எனக்குப் பிடித்தவை. இரவில் போர்வை தேடும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டத் திருவிழாவும் பார்க்கலாம்.

மாம்பழத்துக்காக வருகிறவர்கள் வைகாசி, ஆனியில் வாருங்கள். கறுத்தக்கொழும்பான் அப்போதுதான்.

இரவில் 'தடார்' என்று ஒரு சத்தம் கேட்டதே?

மாங்காய். பின்பக்கக் கொட்டிலின் தகரத்தில் விழுந்திருக்கும். கள்வன் இல்லை.

மற்றச் சத்தங்களையும் சொல்லிவிடுகிறேன். விடிய ஏதோ ஒரு கோயிலில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும். ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் பாண்காரரின் ஓட்டோ ஒரு கிணுகிணு மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். அதைக் கேட்டதும் பிள்ளைகளை ஓடச் சொல்லுங்கள், மீன் வைத்த மாலு பணிஸ் முதலில் முடிந்துவிடும். நாய்கள் குரைப்பதற்கு மட்டும் நேரம் இல்லை.

சமைக்கலாமா? என்னென்ன இருக்கிறது?

இரண்டு அடுப்புள்ள காஸ் குக்கர், சோறு வடிக்கும் இயந்திரம், சட்டி பானை, திருவலை, இடியப்ப உரல், பனையோலை நீத்துப்பெட்டி. புட்டுக்குழலும் இருக்கிறது, ஆனால் நீத்துப்பெட்டியில் அவித்த புட்டுக்குத்தான் அந்த ஓலை மணம். பாவித்தபின் தண்ணீரில் ஊறப் போடாமல் தட்டிக் காயவிடுங்கள்.

கறித்தூள் போத்தல் அடுப்புக்கு மேல் இருக்கிறது. நான் இடித்தது. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்துச் சேர்த்தது. சென்னை அம்மா ஒருவர் சாம்பார்ப்பொடி போடுகிற கணக்கில் மூன்று கரண்டி போட்டு, வீடே அழுதது. ஒரு கரண்டியில் தொடங்குங்கள். பிள்ளைகளுக்குச் சொதி வையுங்கள், அல்லது புட்டும் வாழைப்பழமும் சீனியும் கொடுங்கள். அது போதும் அவர்களுக்கு.

மீனை மட்டும் தயவுசெய்து மேலே குசினித் தொட்டியில் வெட்ட வேண்டாம். செதில் குழாயை அடைத்து, அதை எடுக்க ஆள் பிடிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிணற்றடிக்குப் பக்கத்தில் கல்லும் அரிவாளும் இருக்கிறது. வெட்டத் தெரியாவிட்டால் சந்தையிலேயே வெட்டித் தரக் கேளுங்கள்.

மீன், மரக்கறி எங்கே வாங்குவது?

மரக்கறிக்குத் திருநெல்வேலிச் சந்தை, நடந்தே போகலாம். காலையில் போனால் தோட்டத்திலிருந்து வந்த கத்தரிக்காயில் பனி ஈரம் காயாமல் இருக்கும். பதினொன்றுக்குப் போனால் வெயிலும் மிச்சமும்தான்.

மீனுக்குப் பாசையூர் அல்லது குருநகர். படகு வந்து, ஏலம் போய், ஏழு மணிக்கெல்லாம் நல்லது கைமாறிவிடும். விளைமீன், பாரை குழம்புக்கு. ஒட்டி, ஓரா சொதிக்கு. சூடை பொரிக்க. நண்டு வாங்கினால் எங்களுக்கும் ஒரு கோப்பை கொண்டுவாருங்கள் என்று பகிடிக்குச் சொல்வேன், சிலர் உண்மையாகவே கொண்டுவருவார்கள். மீன் வாங்கும்போது பூவைப் பிரித்துப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். பூ என்றால் செவுள்.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடு சைவம். 'சைவம்' என்று இங்கே சொல்வது மரக்கறிச் சாப்பாட்டையும்தான். மீன் இறைச்சி என்றால் 'மச்சம்'. கடையில் இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் போதும். பௌர்ணமி நாளில் நாடு முழுக்க இறைச்சிக் கடையும் மதுக் கடையும் பூட்டு. நாட்காட்டி குசினிக் கதவில் தொங்குகிறது, பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

நீங்கள் பேசும் தமிழ் எங்களுக்குப் புரியுமா?

இது சென்னைக்காரரின் கேள்வி. புரியும், ஆனால் முதல் இரண்டு நாள் வேடிக்கையாகத்தான் இருக்கும். 'திறப்பு பூச்சட்டிக்குக் கீழே' என்று வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு குடும்பம் பூச்சட்டிக்குக் கீழே ஏதோ ஓட்டை இருக்கிறது என்று கால் மணி நேரம் தேடியிருக்கிறது. திறப்பு என்றால் சாவி. நுளம்பு என்றால் கொசு. கதிரை நாற்காலி, சவர்க்காரம் சோப், குசினி சமையலறை, பாண் பேக்கரி ரொட்டி. 'வடிவு' என்றால் அழகு.

எல்லாவற்றிலும் பெரிய வில்லங்கம் 'பேசுவது'. நாங்கள் கதைப்போம், பேசுவது என்றால் எங்களுக்கு ஏசுவது. ஒருமுறை திருச்சித் தம்பி இவரிடம், 'உங்க வீட்டம்மா எங்களோட ரொம்ப நேரம் பேசினாங்க' என்று சந்தோசமாகச் சொல்லியிருக்கிறார். இவர் மூச்சுவாங்க உள்ளே வந்து, 'ஏனப்பா அந்தப் பிள்ளையளுக்குப் பேசினனீ?' என்று என்னைக் கேட்டார்.

புலம்பெயர்ந்தவர்கள் கேட்பது வேறு: 'எங்கட பிள்ளைகளுக்குத் தமிழ் வராதே, சமாளிப்பார்களா?' சமாளிப்பார்கள். ஒழுங்கைப் பிள்ளைகள் பின்னேரம் ரெனிஸ் பந்தில் கிரிக்கெற் அடிக்கிறார்கள். இறங்கிப் போனால் போதும். மூன்றாம் நாள் 'அவுட் இல்லை, அலாப்புறாய்' (ஏமாற்றுகிறாய்) என்று சண்டை பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஊருக்குள் வந்து சேர்வது எப்படி?

சென்னையிலிருந்து பலாலி விமான நிலையத்துக்கு விமானம் இருக்கிறது. 2019இல் அது சர்வதேச நிலையமானது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வருகிறது. 2023இல் தொடங்கி இடையில் நின்று, 2024இல் திரும்பத் தொடங்கியது. கடல் குழம்பினால் ஓடாது, அதனால் கப்பலில் வருகிறவர்கள் ஒரு நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் இறங்குகிறவர்களுக்கு என் யோசனை ரயில். பிள்ளைகள் நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, யன்னலால் வன்னியைப் பார்க்கலாம். 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014இல் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வந்த அன்று, நாங்கள் ஏறுவதற்கில்லாமல் சும்மா பார்க்கவென்றே ஸ்ரேசனுக்குப் போனோம்.

போனில் காட்டும் வழி உங்களைப் பின் ஒழுங்கையில் கொண்டுபோய் விடும். அங்கே மதில்தான் இருக்கிறது, படலை (வெளி வாசல் கதவு) இல்லை. ஓட்டோக்காரரிடம் 'அரசமரத்தடி வைரவர்' என்று சொல்லுங்கள். வைரவர் சூலத்துக்கு நேரே திரும்பினால் இடது பக்கம் மூன்றாவது படலை, நீலம். கூலியை ஏற முன் பேசி முடிவெடுங்கள் (இது உங்கள் 'பேசி', எங்கள் 'பேசி' இல்லை).

நல்லூர்த் திருவிழா நேரத்தில் தங்கலாமா?

தங்கலாம், ஆனால் வெள்ளனவே கேட்க வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும். 24ஆம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். வாகனம் தடையடியில் நின்றுவிடும், அங்கிருந்து நடை. வெறுங்காலோடு நடக்கத் தயாராக வாருங்கள், மணல் போட்டிருப்பார்கள்.

அந்த 25 நாளும் மேல்வீட்டில் மச்சம் சமைக்க விடுவதில்லை. இதை முன்பே சொல்லிவிடுகிறோம், வந்தபின் முகம் சுளிப்பதில் பயனில்லை.

கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், வேட்டி நல்லது. பெண்கள் சேலையோ பாவாடையோ கால் மூடும் உடுப்போ. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். நூறு ரூபாயை நீட்டி மிச்சத்துக்குக் காத்துக்கொண்டு நிற்காமல் சில்லறை கொண்டுபோங்கள். நேரம்தான் முக்கியம்: நல்லூரில் மணி என்றால் மணி. யாருக்காகவும் பூசை ஒரு நிமிடம் பிந்தாது. ஒரு டொக்டர் குடும்பம் 'ஐந்து நிமிடம்தானே' என்று இலேசாக வெளிக்கிட்டுப் போய், மூடிய திரையைக் கும்பிட்டுவிட்டு வந்தது.

வாகனம் இல்லாமல் பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

கோட்டைக்குப் பின்னேரம் போங்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கிய கோட்டை. மதில்மேல் நின்றால் கடல்நீரேரிக்குள் சூரியன் இறங்குவது தெரியும். நூலகம் பக்கத்திலேயே. 1981இல் எரிந்தபோது போன நூல்கள் ஏறத்தாழ 97,000. இப்போதுள்ளது திருத்திக் கட்டியது. வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் பிள்ளைகள் படம் எடுப்பார்கள், பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். அவசரப்படுத்த வேண்டாம்.

நயினாதீவுக்கு 776 பேருந்தில் குறிகட்டுவானுக்குப் போய் அங்கிருந்து படகு. காலையிலேயே போங்கள். அதே நாளில் நெடுந்தீவையும் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது ஒரு மணித்தியாலப் படகு, தனி நாள் வேண்டும். காரைநகர் கசூரினா கடற்கரை சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது, கனதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். சனி ஞாயிறு சனம்.

நுளம்பு? டெங்கு?

இரண்டு அறையிலும் வலை இருக்கிறது, பின்னேரம் ஆறு மணிக்கு முன் யன்னலைச் சாத்துங்கள். ஆனால் டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். மாரி முடியும் நாட்களில் கவனம் கூட வேண்டும். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கும் எதையும் விட்டுவைக்காதீர்கள், குடித்துவிட்டு வைத்த இளநீர்க் கோம்பை உட்பட. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இரண்டாம் நாளும் விடாவிட்டால் இரத்தம் சோதியுங்கள். யாழ் போதனா வைத்தியசாலை நகருக்குள்ளேயே இருக்கிறது. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கம், அம்புலன்ஸ் இலவசம்.

வைஃபை இருக்கிறதா?

இருக்கிறது. மழைக்கு அதுவும் நனையும்.

எங்களைப் பார்க்கச் சொந்தக்காரர் வரலாமா?

வரலாம். வராமல் விடவும் மாட்டார்கள். ஒரு குடும்பம் வந்து இறங்கிய மறுநாள், பெரியப்பா வீட்டார், சித்தி வீட்டார், சித்தியின் சம்பந்தி வீட்டார் என்று இருபத்தேழு பேர் வந்தார்கள். மேலே நாலு கதிரை. ஆட்கள் படிக்கட்டில் வரிசையாக இருந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கைக்குக் கை மேலே கடத்தினார்கள். இப்போது கீழே பன்னிரண்டு பிளாஸ்ரிக் கதிரை வாங்கி வைத்திருக்கிறேன். யார் யார், எத்தனை மணிக்கு என்று ஒரு சொல் சொன்னால் மாமரத்தடியில் போட்டுவிடுவோம். செருப்பை மட்டும் படிக்கட்டடியில் கழற்றச் சொல்லுங்கள். இரவில் வெளியே விட வேண்டாம், பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்கு இடது கால் செருப்பென்றால் உயிர்.

குப்பையை எங்கே போடுவது?

சாப்பாட்டு மிச்சம், தோல் எல்லாம் பச்சை வாளியில். அதை வாழைக்குப் போடுவோம். பிளாஸ்ரிக், போத்தல் தனியாக. படலைக்கு வெளியே பையில் வைத்தால் நாய் இழுத்து ஒழுங்கை முழுக்கப் பரப்பும், பிறகு எதிர்வீட்டு ஆச்சிக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்.

கடவுச்சீட்டை ஏன் கேட்கிறீர்கள்?

தங்குகிறவர்களின் விவரத்தைப் பதிந்து வைக்க வேண்டும். படம் எடுத்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம்.

திரும்பிப் போகும்போது என்னென்ன கொண்டுபோகலாம்? வீட்டை எப்படி ஒப்படைப்பது?

புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), ஒடியல் மா (அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கின் மா), பனங்கட்டி, பருத்தித்துறை வடை, கறித்தூள். தூளை இரண்டு பையில் கட்டி, அதற்கு மேல் ஒரு பழைய துவாய் சுற்றுங்கள். இல்லாவிட்டால் வேலைக்குப் போடும் சேட்டெல்லாம் ஆறு மாதத்துக்கு யாழ்ப்பாணம் மணக்கும். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் உணவுப் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். மாம்பழத்தை இங்கேயே சாப்பிட்டு முடியுங்கள்.

வீடு கூட்டத் தேவையில்லை. காஸை மூடுங்கள், யன்னலைச் சாத்துங்கள், மிச்ச அரிசி பருப்பை மேசையில் விடுங்கள். திறப்பைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போகலாம். ஒரு அண்ணை அதைச் சட்டைப்பையில் போட்டபடி சூரிச் போய்விட்டார். ஒரு மாதம் கழித்துத் தபாலில் வந்தது, கூடவே ஒரு பெட்டி சொக்கிலேற்றும். அதற்குள் பூட்டை மாற்றிவிட்டோம். பழைய திறப்பு இப்போது மோட்டர் கொட்டில் ஆணியில் தொங்குகிறது, அதைக் கொண்டு எதையும் திறக்கப் பார்க்க வேண்டாம்.